ஆரஞ்சு உரித்த விரல்

நர்ஸம்மா என் விரலைப் பிதுக்கி எடுத்தது ஒரே ஒரு சொட்டு. ஒரு மிளகு அளவுகூட இருக்காது. சின்ன அட்டைத் துண்டு ஒன்றின் நுனியை அதன் அருகே கொண்டுபோனார். அழுத்தித் தேய்ப்பார் என்று நினைத்துக் கண்ணை மூடப் போனேன். தேய்க்கவில்லை. காய்ந்த மண் முதல் மழையை இழுத்துக்கொள்வது போல அந்த அட்டை தானாகவே சொட்டைக் குடித்துக்கொண்டது. உள்ளங்கை அளவு மெஷின் ஐந்து, நான்கு, மூன்று என்று கீழே எண்ணிக்கொண்டு வந்தது. பிறகு முந்நூற்று எண்பத்தாறு என்று காட்டியது.

"சாப்ட்டு எவ்வளவு நேரம்க்கா ஆச்சு?"

"காலையில ஏழு மணிக்கு ரெண்டு இட்லிங்க. இப்ப வர்ற வழியில ஒரே ஒரு ஆரஞ்சு."

"ஒரு ஆரஞ்சுக்கு இவ்வளவு ஏறாதே," என்று நர்ஸம்மா மெஷினைத் திருப்பிப் பார்த்தார். என்ன சாப்பிட்டிருந்தாலும் இருநூறைத் தாண்டினால் யோசிக்க வேண்டியதுதான் என்றார். பிறகு ஒரு சீட்டில் எண்ணை எழுதி என் கையில் கொடுத்தார். "வியாழக்கிழமை வெறும் வயித்தோட கீழ ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. இது சும்மா தட்டிப் பாக்குற மாதிரி ஒரு சோதனைதான். இதை மட்டும் வச்சு சர்க்கரைன்னு முடிவு சொல்லமாட்டாங்க."

அவர் கடைசியாகச் சொன்னது என் காதில் ஏறவில்லை. எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை வந்து முதலில் கட்டைவிரல் போனது, அப்புறம் பாதம், அப்புறம் முழங்காலுக்குக் கீழே. அவரைத் தூக்கி உட்காரவைக்க வீட்டில் ஆள் வேண்டும் என்றுதான் நான் ஆறாம் வகுப்போடு நின்றேன். எனக்குப் பிழைப்பு பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பது. சரிவில் நின்று பறிக்கிறவளுக்குக் கால்தான் எல்லாம். அந்தச் சீட்டை வாங்கியதும் நான் பார்த்தது எண்ணை அல்ல, என் இரண்டு கட்டைவிரல்களையும்தான்.

அது மார்கழி மாதம், பறிப்பு மும்முரமாக இருந்த நேரம். பத்து மணிக்கெல்லாம் கங்காணி சரிவுக்கு வந்து, காப்பி காயப்போடும் களத்தில் சர்க்கரை முகாம் நடக்கிறது, எல்லாரும் போய்ப் பார்த்துவிட்டு வெரசா வாங்க என்றார். ரத்தம் எடுக்கிறார்கள் என்றதும் எங்கள் வரிசையில் இருந்த மூன்று பேருக்கும் பயம். வயிற்றில் ஏதாவது இல்லாமல் ரத்தம் கொடுத்தால் மயக்கம் வரும் என்று ஒருத்தி சொன்னாள். எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. காப்பிக்கு நடுவே நிற்கும் ஆரஞ்சு மரத்திலிருந்து தானாக விழுந்த பழம் பறிக்கிறவர்களுக்கு. மரத்தில் இருப்பதைத் தொடக்கூடாது. போகிற வழியிலேயே ஆளுக்கு ஒன்று பொறுக்கி, தோலை உரித்து, சாறு முழங்கைவரை வழிய வழியத் தின்றோம். இடுப்பில் கட்டியிருந்த சாக்கில் கையைத் துடைத்துக்கொண்டோம். சரிவில் தண்ணீர் ஏது? காப்பிப் பழம் நசுங்கிய பிசுக்கு விரலில் ஏற்கெனவே இருந்தது. நர்ஸம்மா ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒரு தடவை துடைத்தார், குத்தினார்.

எங்கள் மூன்று பேருக்குமே முந்நூறுக்கு மேல்.

"என்ன இது, இந்த வரிசை பூராம் சர்க்கரையா கெடக்கு?" என்று நர்ஸம்மா திகைத்தார்.

அப்போதுதான் பின்னாலிருந்து இரண்டு ஈரக் கைகள் என் கன்னத்தைப் பிடித்தன. ஐஸ் மாதிரி குளிர். சோப்பு வாசனை. திடுக்கிட்டுத் திரும்பினால் மதினி.

மதினி என் அண்ணனின் மனைவி. களத்தில் வேலை செய்கிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுப்பதும் பாத்திரம் கழுவுவதும் அவர் வேலை. அவருடைய அம்மா அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அதனால் டீயை இன்றைக்கும் தேத்தண்ணி என்றுதான் சொல்வார். எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். அவருக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு.

"என்னடி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? ரத்தத்த எடுத்தாங்களா உசிர எடுத்தாங்களா?"

சீட்டைக் காட்டினேன்.

"முந்நூத்தி எம்பத்தாறா! பள்ளிக்கூடத்துல இவ்வளவு மார்க்கு வாங்கியிருந்தா நீ டீச்சராகியிருப்ப." கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தன் விரலையும் நீட்டினார். "என்னையும் குத்துங்க, பாப்போம்."

மதினிக்கு இருநூற்று எழுபத்து நாலு வந்தது. "உன்னய விட நூறு கம்மி," என்று என் தோளில் தட்டிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று ஓடிவிட்டார். அவர் சீட்டு டீ டம்ளர்களுக்கு இடையில் செருகிக் கிடந்ததை அன்று மாலை பார்த்தேன்.

வியாழக்கிழமைவரை நான் என்ன தின்றேன் என்று இப்போது நினைவில்லை. வெறும் வயிறு என்று சொன்னார்களே, எத்தனை மணி நேரம் என்று கேட்கவில்லையே என்று புதன்கிழமை மதியத்திலிருந்தே நிறுத்திவிட்டேன். எச்சில் விழுங்கினால்கூடக் கணக்குத் தப்புமோ என்று பயம். முதல் பஸ்ஸில் கீழே இறங்கும்போது வளைவுக்கு வளைவு காது அடைத்தது. சோதனைக் கூடத்தில் இருந்த பெண்ணுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். என் உதடு காய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிச்சீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. வெறும் வயிறுன்னாங்க."

"ஐயோ, பச்சத்தண்ணி குடிக்கலாம்க்கா! எட்டு மணி நேரம் வேற எதுவும் உள்ள போகாம இருந்தாப் போதும்."

கையில் ஊசி போட்டு ஒரு குழாய் ரத்தம் எடுத்தாள். பிறகு ஒரு டம்ளர் நிறையக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தாள். கல்யாண வீட்டுப் பாயசத்தில்கூட அவ்வளவு இனிப்பு இருக்காது. அதைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் நடக்காமல், ஒன்றும் தின்னாமல் பெஞ்சில் உட்காரச் சொன்னாள். சர்க்கரை வந்துவிட்டதா என்று பார்க்க வந்தவளுக்குச் சர்க்கரைத் தண்ணீரா? பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "ராத்திரி பூராம் நீங்க சாப்பிடல. ஆனாலும் ரத்தத்துல சர்க்கரை இருக்கும்க்கா. ஈரல் சேத்து வச்சிருக்குறத கொஞ்சங்கொஞ்சமா எடுத்து விடும். இல்லாட்டி மூளை ஓடாது. வெறும் வயித்துல பாக்குறது அந்த அளவு சரியா இருக்கான்னு. இப்ப குடுத்த தண்ணி, ஒடம்புக்கு ஒரு பரீட்சை மாதிரி. இவ்வளவு சர்க்கரைய ஒரேயடியா உள்ள விட்டா, ரெண்டு மணி நேரத்துல அத எடுத்து அதது எடத்துல சேக்க முடியுதான்னு பாக்குறது."

பெஞ்சில் உட்கார்ந்து என் வயிற்றைப் பார்த்தேன். நாற்பத்தைந்து வருஷமாக நான் தூங்கும்போதெல்லாம் உள்ளே ஒருவர் விழித்திருந்து, அளந்து அளந்து விட்டிருக்கிறார். நான் ஒருநாளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஒன்றுமில்லாததற்கெல்லாம் பயந்து பயந்து செத்தேன். ஆனால் மூச்சு விடுவதற்கும் ராத்திரிச் சர்க்கரைக்கும் பயப்பட வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அது பாட்டுக்கு நடந்திருக்கிறது.

இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு குழாய் எடுத்தாள். மூன்று மாதச் சோதனை என்று ஒன்று, அதற்குக் காலையில் எடுத்த ரத்தமே போதும் என்றாள். மதியத்துக்கு மேல் சீட்டு வந்தது. வெறும் வயிற்றில் தொண்ணூற்று நாலு. நூறுக்குக் கீழே நல்லது, நூற்று இருபத்தாறிலிருந்து சர்க்கரை, நடுவில் இருந்தால் எச்சரிக்கை என்று அவளே சொன்னாள். குளுக்கோஸ் தண்ணீருக்குப் பிறகு நூற்றிருபத்தெட்டு. அது நூற்று நாற்பதுக்குக் கீழே இருக்கவேண்டும், இருநூறைத் தொட்டால் சர்க்கரை. மூன்று மாதச் சோதனை ஐந்து புள்ளி நாலு. அது ஐந்து புள்ளி ஏழுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, ஆறு புள்ளி ஐந்திலிருந்து சர்க்கரை.

"உங்களுக்கு சர்க்கரையே இல்லக்கா."

"அப்ப முந்நூத்தி எம்பத்தாறும்மா?"

அவள் என் கையைத் திருப்பிப் பார்த்தாள். நகத்தைச் சுற்றிக் கறுப்பாக ஏறியிருந்த காப்பிக் கறையைப் பார்த்தாள். "அன்னிக்கு விரல்ல குத்துறதுக்கு முன்னாடி என்ன தொட்டீங்க?"

ஆரஞ்சைச் சொன்னேன். சாக்கில் துடைத்ததைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். "பழச்சாறு விரல்ல காஞ்சு கெடக்கும்க்கா. கண்ணுக்குத் தெரியாது. ஒரு தடவ ஸ்பிரிட்டால தொடச்சாப் போயிராது. சோப்பு போட்டுக் கழுவி, காயவச்சு, அப்புறம்தான் குத்தணும். அந்த மெஷின் பொய் சொல்லல. விரல்ல இருந்த ஆரஞ்சையும் சேத்துச் சொல்லியிருக்கு."

எனக்குப் புல்லரித்தது. உடம்பு பூராவும் ஓடும் ரத்தத்தைக் குறித்து நான் கேட்டேன், அது என் விரல் நுனியில் இருந்த ஆரஞ்சுத் தடத்தைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறது. நான் நக்கிப் பார்த்திருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்காது.

"மூணு மாச சோதனை மட்டும் எப்படிம்மா? இன்னிக்கு எடுத்த ரத்தம் மார்கழி ரத்தம்தான? புரட்டாசியில நான் தின்னது அதுக்கு எப்படித் தெரியும்?"

"ரத்தத்துல சிவப்பணு இருக்குல்லக்கா, அது ஏறக்குறைய நாலு மாசம் உசிரோட இருக்கும். ரத்தத்துல எவ்வளவு சர்க்கரை ஓடுதோ அதுக்குத் தக்கன அதுமேல ஒட்டிக்கிடும். ஒட்டுனது லேசுல போகாது. அந்த அணு இருக்குறவரைக்கும் இருக்கும். அத அளந்தா கடைசி ரெண்டு மூணு மாசம் எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சிரும். ரத்தசோகை மாதிரி ஏதாவது இருந்தா கொஞ்சம் முன்னபின்ன காட்டும். ஆனா ஒருநாள் பட்டினி கெடந்தெல்லாம் அத ஏமாத்த முடியாது."

பஸ்ஸில் திரும்பி வரும்போது நகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். பறிப்பு முடிந்து மாசி மாதம் சந்தையில் யார் கையைப் பார்த்தாலும் சொல்லிவிடுவோம், இவள் முழுப் பறிப்பும் போனவள், இவள் பத்து நாள் போனவள் என்று. எத்தனை புளி போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. நகம் வளர்ந்து தானாக வெளியே தள்ளினால்தான் உண்டு. ரத்தமும் அப்படியே வைத்துக்கொள்கிறதாம். நான் மறந்த காப்பியை, மறந்த கேசரியை அது மறக்கவில்லை. அந்த வளைவுகளில் எனக்கு வழக்கமாக வரும் வாந்தி அன்று வரவில்லை.

களத்தில் இறங்கியதும் கதையைச் சொன்னேன். ஒரே சிரிப்பு. என்னோடு ஆரஞ்சு தின்ற இரண்டு பேரும் அடுத்தடுத்த நாளில் போய்ப் பார்த்து, ஒன்றுமில்லை என்று வந்தார்கள். "ஆரஞ்சுக்குத்தான்டி சர்க்கரை வியாதி," என்று மரத்தைக் காட்டிச் சிரித்தார்கள்.

மதினி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அப்ப எனக்கும் ஆரஞ்சு சர்க்கரைதான். நல்லவேளை, பஸ்ஸுக்கு அலையாமத் தப்பிச்சேன்."

"ஆமா மதினி," என்றேன் நான்.

இதை எழுதும்போதும் அந்த "ஆமா"வைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றுகிறது. எதற்கும் சந்தேகப்படுகிறவள் அன்று சந்தோஷத்தில் சந்தேகத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒரு வாரம் போனது. மதினி பழனிக்கு மாலை போட்டார். தைப்பூசத்துக்கு மலையிலிருந்து வெறுங்காலோடு நடந்து இறங்கிப் போவது அவருக்குப் பல வருஷப் பழக்கம். மாலை போட்ட நாளிலிருந்தே செருப்பைக் கழற்றிவிடுவார். அவர் இடது குதிகாலில் ஒரு புண் இருந்தது. கார்த்திகையில் செருப்பு கடித்தது. மார்கழி முடியப் போகிறது, இன்னும் ஈரமாகவே இருந்தது.

"வலிக்கலையா மதினி?"

"வலிச்சாத்தான சொல்லுவேன். அது ஒரு மரத்த எடம்."

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததிலிருந்து நான் கை கழுவுகிறவளாகிவிட்டேன். ஒருநாள் வெள்ளனே பறிப்புக்குப் போகும்முன் களத்துக் குழாயில் சோப்பு போட்டுக் கழுவினேன். மார்கழித் தண்ணீர் எலும்பில் ஏறியது. சூடு வேண்டி இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

அப்படியே நின்றுவிட்டேன்.

அந்தக் குளிர். அந்தச் சோப்பு வாசனை. முகாம் அன்று என் கன்னத்தைப் பிடித்த மதினியின் கை. பாத்திரம் கழுவிவிட்டு நேராக வந்த கை அது. மதினி எங்களோடு வரவில்லை, ஆரஞ்சு தொடவில்லை. பல் கூசும் என்று அவர் ஆரஞ்சே தின்பதில்லை. இருநூற்று எழுபத்து நாலு ஆரஞ்சின் சர்க்கரை அல்ல. மதினியின் சர்க்கரை.

அப்பாவின் கால் என் கண்முன் வந்தது. முதலில் போனது கட்டைவிரல். அதற்கும் முன்னால் ஒரு சின்னப் புண். அவரும் வலிக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூடையைப் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினேன்.

"மதினி, அன்னிக்கு உங்க கை கழுவுன கை."

"எப்பவுமே கழுவுன கைதான்டி. உன்ன மாதிரியா?"

"அதான் சொல்றேன். உங்களுக்கு ஆரஞ்சு கெடையாது. அது நெசமான எண்ணு."

மதினி டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "இந்தா பாரு. போன வாரம் நீயே மெஷினு ஏமாந்துருச்சுன்ன. ஊரே சிரிச்சுச்சு. இன்னிக்கு வந்து நெசம்ங்கிற. உனக்கு வியாதி இல்லன்னதும் பயத்துக்கு வேற சோலி இல்லாமப் போச்சு. அத கொண்டுவந்து என் தலையில எறக்குற."

"அப்பாவுக்கு இப்படித்தான் மதினி..."

"உங்கப்பாவுக்கு வந்தா எனக்கும் வரணுமா? நான் என்ன அவரு பெத்த மகளா?" என்று சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். ஆனால் பேச்சோடு பேச்சாக மதினி செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். காலை ஏழு மணிக்கு அது இரண்டாவது செம்பு.

எனக்கு அவரைப் போலப் பேச வராது. ஆனால் கவலை என்பது விடாது. செவ்வாய்க்கிழமை நர்ஸம்மா மாத்திரை கொடுக்கத் தோட்டத்துக்கு வருவார். அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். "கூட்டத்துல கை கழுவச் சொல்ல மறந்துட்டேன்க்கா. என் தப்புதான். வாங்க, எல்லாருக்கும் முன்னாடியே பாத்துருவோம்."

களத்தில் பதினோரு மணி டீக்கு எல்லாரும் கூடியிருந்தார்கள். நான் சோப்பு போட்டுக் கழுவி, வெயிலில் கையை நீட்டிக் காயவைத்தேன். நர்ஸம்மா குத்தினார். நூற்று எட்டு. பிறகு எல்லாரும் பார்க்க ஒரு ஆரஞ்சை உரித்தேன். ஒரு சுளைகூட வாயில் போடவில்லை. சாக்கில் துடைத்துக்கொண்டு பக்கத்து விரலை நீட்டினேன். முந்நூற்று முப்பத்தொன்று.

எல்லாரும் மெஷினைச் சுற்றிக் குவிந்தார்கள். தின்னாத பழம் எண்ணில் ஏறியிருந்தது. கங்காணிகூடத் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு மெஷினை எட்டிப் பார்த்தார். "ஏலே, என்னடா இது, மந்திரமா இருக்கு!" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

நான் ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டு மதினியிடம் சோப்பை நீட்டினேன். "நீங்களே கழுவுங்க மதினி. நீங்களே தொடைங்க. நூத்தி நாப்பதுக்குக் கீழ வந்தா, தைப்பூசத்துக்கு உங்க பைய நான் சுமந்துக்கிட்டு வெறுங்காலோட பழனிவரைக்கும் வாரேன்."

"நீயா? பாதி வழியில பாம்பு வருமான்னு கேட்டே என்னக் கொன்னுருவ." ஆனாலும் சோப்பை வாங்கினார். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று முழங்கைவரை நுரையாக்கினார். கல்யாணப் பெண் மாதிரி விரலை ஆட்டி ஆட்டிக் காயவைத்தார். குத்தியபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

இருநூற்றுத் தொண்ணூற்று இரண்டு.

மதினி எண்ணைப் பார்த்தார். தன் விரலை மோந்து பார்த்தார். சோப்பு வாசனைதான் அடித்திருக்கும். பிறகு கல்லில் கிடந்த ஆரஞ்சைப் பார்த்து, "பாவம், உன்மேல பழி போட்டுட்டேன்," என்றார். அப்போதும் எல்லாரும் சிரித்தார்கள். மதினி மட்டும் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் ஒரு வேடிக்கை சொன்னதை நான் அன்றுதான் பார்த்தேன்.

மறுநாளே முதல் பஸ். பஸ் நிறுத்தத்துக்கு நான் போய்ச் சேரும்போது மதினி முந்தானையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன மதினி அது!"

"தேத்தண்ணிடி. வாய் நனைக்க."

"வெறும் வயித்துல வரச் சொன்னாங்கள்ல!"

"தேத்தண்ணி சாப்பாடா? விரதத்துலயே பாலும் பழமும் சாப்பிடுறோம். முருகனே ஒண்ணும் சொல்லல, ஆஸ்பத்திரிக்காரங்க சொல்லப் போறாங்களா?"

"முருகன் மன்னிப்பாரு. மெஷின் மன்னிக்காது."

டம்ளரைப் பிடுங்கி வேலியோரம் ஊற்றினேன். நல்லவேளை, இன்னும் வாய் வைக்கவில்லை என்று சத்தியம் செய்தார். பஸ் முழுக்க அவர் பையில் ஏதாவது தின்பண்டம் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். "சாமான் கடத்துறேன்னு நெனச்சியா?" என்று என் கையைத் தட்டிவிட்டார்.

வெறும் வயிற்றில் நூற்று எழுபத்து மூன்று. மதினிக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்கவில்லை. இதிலேயே தெரிந்துவிட்டது, இதற்கு மேல் பரீட்சை வைக்க வேண்டாம் என்றாள் அந்தப் பெண். மூன்று மாதச் சோதனை ஒன்பது புள்ளி இரண்டு.

மதினி அந்த எண்ணின்மேல் விரலை வைத்தார். "இது மூணு மாசமா இருந்துச்சா?"

"அதுக்கு முன்னாடியும் இருந்திருக்கலாம்க்கா. இந்த ரத்தத்துக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

டாக்டர் குதிகாலைத்தான் முதலில் பார்த்தார். மெல்லிசான ஒரு நரம்பு மாதிரிக் கம்பியால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். குதிகாலில் நான்கு இடத்தில் மதினி ஒன்றும் சொல்லவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் தொடவில்லை போலிருக்கிறது என்று காத்துக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பி தொட்டுவிட்டுப் போய்விட்டது. புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். இன்னும் சில வாரம் விட்டிருந்தால் எலும்புக்குப் போயிருக்கும், வெறுங்காலோடு ஒரு அடியும் வைக்கக்கூடாது என்றார் டாக்டர்.

தைப்பூசத்துக்கு மதினி நடக்கவில்லை. கட்டுப் போட்ட காலுக்கு அண்ணன் வாங்கிக் கொடுத்த தடித்த செருப்போடு பஸ்ஸில் போய், அடிவாரத்திலேயே நின்று மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். மனசு கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டேன். "அவன் எங்க போயிறப் போறான்? மலை மேலதான் நிக்கிறான். காலு இருந்தா அடுத்த வருஷம் ஏறிக்கிறேன்," என்றார். காலு இருந்தா என்று சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு மூன்று மாதம். மாத்திரை, சாப்பாட்டில் பாதி காய், சர்க்கரை போடாத தேத்தண்ணி. முதல் வாரம் அதைக் குடித்துவிட்டு, "இதுக்கு வேப்பெண்ணெய் தேவாமிர்தம்டி," என்று துப்பினார். புண் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்து, பங்குனிக்குள் காசு அளவு கறுப்புத் தழும்பாக நின்றது. சித்திரையில் ஒரு மழைக்கு மலைச்சரிவு பூராவும் காப்பி பூத்திருந்த காலையில் மறுபடி முதல் பஸ்ஸில் இறங்கினோம். வெள்ளைப் பூவின் வாசனை ஜன்னல் வழியாக வளைவுக்கு வளைவு வந்தது. என் நகத்தில் கறை நுனிக்கு வந்துவிட்டது. வெட்டினால் போய்விடும் அளவுதான் மிச்சம்.

சீட்டை அந்தப் பெண் என்னிடம் கொடுக்காமல் மதினியிடமே கொடுத்தாள். ஏழு புள்ளி ஒன்று.

மதினி அதைப் படித்தார். மறுபடி படித்தார். ஒன்பது புள்ளி இரண்டு எங்கே போனது? அந்த ரத்த அணுக்களில் முக்கால்வாசி செத்துப்போயிருக்கும். புதிதாகப் பிறந்தவை வேறு ஒரு மதினியைப் பார்த்திருக்கின்றன, சர்க்கரை போடாத தேத்தண்ணி குடிக்கிறவரை. யாரும் பக்கத்தில் இல்லாதபோது அவர் மூடியைத் திறந்து, பார்த்து, மறுபடி மூடிய சர்க்கரை டப்பாவை நானோ அண்ணனோ பார்த்ததில்லை. அவர் ரத்தம் பார்த்திருக்கிறது.

பிறகு மதினி அந்தப் பெண்ணிடம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பங்குனி உத்திரத்துக்கு ஒரு டம்ளர் பாயசம் குடிச்சேன். அது தெரிஞ்சிருக்குமா?"

"அதுவும் இதுக்குள்ளதான் இருக்குக்கா."

"ரெண்டு டம்ளர்," என்றார் மதினி.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். மதினி விரலை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார்.

"அடுத்த தைப்பூசத்துக்கு எத்தன மாசம் கெடக்கு?"

"ஒம்போது மாதிரி இருக்கும் மதினி."

"அப்ப, மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னா மூணு ரத்தம்," என்றார். குதிகாலைத் திருப்பித் தழும்பைப் பார்த்தார். "டாக்டரு விட்டாருன்னா செருப்போட நடப்பேன். நீ பையத் தூக்கிட்டு வா."

"நான்தான் பந்தயத்துல ஜெயிச்சேனே?"

"அதுக்குத்தான் வரச் சொல்றேன். பாம்பு வந்தா யாரு பாக்குறது?"